ஓவன் வலப்பக்கம் ஓடினார்

1905 டிசம்பர் 16 அன்று கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் மைதானத்தில் வேல்ஸ் ரக்பி அணி நியூசிலாந்தை 3-0 என்ற கணக்கில் வென்றது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் சுற்றுப்பயணமாக வந்து, அதுவரை ஆடிய 27 ஆட்டங்களிலும் வென்றிருந்த அந்த நியூசிலாந்து அணி, பயணம் முழுவதிலும் தோற்ற ஒரே ஆட்டம் அது. பதிவேட்டில் அதற்கு இருப்பது ஒற்றை வரிதான்: ட்ரை, டெடி மார்கன். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் ட்ரை; அன்று அதற்கு மூன்று புள்ளி. அந்த ஆட்டத்தைப் பற்றி நான் படித்தவை பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, இடது மூலைக்கு மார்கன் ஓடிய ஓட்டத்தைக் கொண்டாடும்; மற்றொன்று, இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று இன்றுவரை வழக்காடும். மார்கனிடம் பந்து போய்ச் சேரும் வழியை முன்கூட்டியே யோசித்து, பயிற்சியில் பழக்கி, ஆட்டத்தில் தக்க தருணம் வரும்வரை பொறுத்திருந்த மனிதரின் பெயர் இரண்டிலுமே ஓரமாகத்தான் வருகிறது. அவர் பெயர் டிக்கி ஓவன். என் பார்வையில் அந்த வெற்றி முதலில் அவருடையது. அவருடைய ஆட்ட வாழ்க்கை முழுவதுமே இப்படித்தான், பிறர் பெயரில் எழுதப்பட்ட புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

ரிச்சர்ட் மார்கன் ஓவன் 1876 நவம்பரில் ஸ்வான்சி நகரை ஒட்டிய லாண்டோரில் பிறந்தார். தாவே ஆற்றங்கரையில் தாமிர உருக்காலைகளும், 1869 முதல் வில்லியம் சீமென்ஸ் நிறுவிய எஃகு ஆலையும் புகை கக்கிய பகுதி அது. உலகத்தின் தாமிரத்தில் பெரும்பங்கை ஒரு காலத்தில் உருக்கியதால் ஸ்வான்சிக்குத் தாமிர நகரம் என்றே பட்டப்பெயர் இருந்தது. ஓவன் வளர்ந்தபோது தாமிரத்தின் காலம் சரிந்து, எஃகும் தகரத் தகடும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவரும் எஃகுத் தொழிலாளியாகவே வேலைக்குச் சேர்ந்தார். உயரம் 5 அடி 4 அங்குலம். ரக்பி ஆடுபவர்கள் இன்றிருப்பதைவிட அன்று சிறியவர்களாகவே இருந்தார்கள் என்றாலும், அந்தக் காலத்துக் கணக்கிலும் அவர் குள்ளமான, மெலிந்த மனிதர்.

ரக்பி பழக்கமில்லாதவர்களுக்காக அவர் ஆடிய இடத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். சிறு தவறு நடந்து ஆட்டம் நின்றால், அதை மறுபடி தொடங்குவதற்கு இரு அணிகளின் முன்னணி வீரர்களான ஃபார்வர்டுகளும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து எதிரெதிரே முட்டிக்கொள்வார்கள். இதுதான் ஸ்க்ரம். நடுவில் உருட்டிவிடப்படும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுத்து வெளியேற்றுவது ஃபார்வர்டுகளின் வேலை. அப்படி வெளிவரும் பந்தைக் குனிந்து எடுத்து, பின்னால் வரிசையாக நிற்கும் ஓட்டக்காரர்களிடம் சேர்ப்பவரே ஸ்க்ரம் ஹாஃப். கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது என்பது ரக்பியின் அடிப்படை விதி என்பதால், முன்னேற்றம் முழுவதும் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தரப்படும் பாஸ்களைச் சார்ந்தே நடக்கும். ஆகவே எந்தப் பக்கம், எப்போது, யாரிடம் என்ற முதல் முடிவு ஸ்க்ரம் ஹாஃபினுடையது. அதை எடுக்க அவருக்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம். அதற்குள் எதிரணி ஃபார்வர்டுகள் அவர் மேல் பாய்ந்திருப்பார்கள். அக்காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஃபார்வர்டுகள் பந்தைக் காலால் உதைத்துக்கொண்டே கூட்டமாக ஓடிவருவார்கள்; அவர்கள் பூட்ஸ் கால்களுக்கு முன்னால் விழுந்து பந்தை அணைத்துத் தடுப்பதும் ஸ்க்ரம் ஹாஃபின் கடமையாகவே கருதப்பட்டது. ஓவன் அந்த வேலையைப் பன்னிரண்டு பருவங்கள் நாட்டுக்காகச் செய்தார். இவ்வளவு சிறிய உடம்பு அத்தனை உதைகளுக்கும் தாக்குப்பிடித்தது எனக்கு அவருடைய பாஸ்களைவிடப் பெரிய வியப்பு.

ஸ்க்ரம் ஹாஃபையும் அவருக்கு வெளிப்புறத்தில் நின்று பந்தை வாங்கும் ஜோடியையும் சேர்த்து ஹாஃப் பேக் என்பார்கள். ஸ்வான்சி அணியில் அந்த இடம் சாதாரண இடமில்லை. ஓவனுக்கு முன்னால் அங்கே ஆடியவர்கள் இவான், டேவிட் ஜேம்ஸ் என்ற சகோதரர்கள். தாமிர ஆலைத் தொழிலாளர்களான அவ்விருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்து ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவர்கள். ஆனால் அவர்கள் ஆடிய ரக்பி யூனியன் என்ற ரக்பி வகையில் காசு வாங்குவது அன்று குற்றம். வடக்கு இங்கிலாந்தின் கிளப்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டுவரும் தொழிலாளிக்கு இழந்த கூலியையாவது ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்டு, அது மறுக்கப்பட்டதால் 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனி அமைப்பாகப் பிரிந்தன. தெற்கு வேல்ஸின் தொழிலாளி வீரர்களைக் காசு காட்டி அழைத்துக்கொண்டும் போயின. ஜேம்ஸ் சகோதரர்கள் ஏற்கெனவே ஒருமுறை தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று தண்டிக்கப்பட்டு, பிறகு மன்னிக்கப்பட்டு, 1899 ஜனவரியில் ஸ்வான்சியில் இங்கிலாந்தை 26-3 என்று வேல்ஸ் நொறுக்கிய ஆட்டத்தில் ஆடினார்கள். ஆடிய கையோடு ப்ராட்டன் ரேஞ்சர்ஸ் அணிக்காக நிரந்தரமாக வடக்கே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வெற்றிடத்தில்தான் ஓவனும் அவருடைய ஜோடியான டிக் ஜோன்ஸும் வளர்ந்தார்கள். இருவர் பெயரும் டிக் என்பதால் நடனமாடும் டிக்குகள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது.

1901 மார்ச் 16 அன்று, தன் ஊரின் செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்திலேயே, அயர்லாந்துக்கு எதிராக ஓவன் முதன்முதலாக வேல்ஸின் சிவப்புச் சட்டையை அணிந்தார். வேல்ஸ் 10-9 என்று தப்பிப் பிழைத்தது. அயர்லாந்து மூன்று ட்ரை எடுத்தும் ஒன்றுக்குக்கூடக் கூடுதல் புள்ளி சேர்க்க முடியவில்லை. வேல்ஸ் எடுத்த இரண்டு ட்ரைகளுக்கும், எல்லோருக்கும் பின்னால் கடைசித் தடுப்பாளராக நிற்கும் ஃபுல்பேக் பில்லி பான்க்ராஃப்ட் உதைத்துக் கூடுதல் புள்ளி சேர்த்தார். பான்க்ராஃப்டும் அதே மைதானத்தின் பிள்ளை. செயின்ட் ஹெலன்ஸ் வளாகத்திலிருந்த வீட்டில் வளர்ந்தவர். ஒரு ஆட்டம்கூட விடாமல் 33 சர்வதேச ஆட்டங்கள் ஆடி வேல்ஸின் சாதனையை வைத்திருந்த அவருக்கு அதுவே கடைசி ஆட்டம். அந்தச் சாதனையை முறியடிக்கப் போகிறவர் அன்றுதான் அறிமுகமாகிறார் என்பது மைதானத்திலிருந்த எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

அதன் பிறகு வந்த பத்தாண்டுகளை வேல்ஸ் மக்கள் பொற்காலம் என்கிறார்கள். 1900 முதல் 1911 வரை வேல்ஸ் ஆடிய 43 ஆட்டங்களில் தோற்றவை ஏழு மட்டுமே. 1899இல் அயர்லாந்திடம் கார்டிஃபில் தோற்றதற்குப் பிறகு, 1913 வரை இங்கிலாந்தோ ஸ்காட்லாந்தோ அயர்லாந்தோ வேல்ஸ் மண்ணில் வேல்ஸை வெல்லவில்லை. 1905 ஜனவரியில் கார்டிஃபில் இங்கிலாந்து 25-0 என்று தோற்றது. இந்த நான்கு நாடுகளும் ஆண்டுதோறும் ஆடிய போட்டியில் அந்த ஆண்டின் முடிவை நிர்ணயித்த அயர்லாந்து ஆட்டம் மார்ச்சில் ஸ்வான்சியில் நடந்தது. இரு அணிகளும் அதுவரை தோற்காதவை. ஓவனுக்குப் பக்கத்தில் அன்று ஆட வந்தவர் மௌன்டன் ஆஷ் ஊரின் விண்டம் ஜோன்ஸ். அவருக்கு அது முதல் சர்வதேச ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுவே. அதிலும் ஒரு ட்ரை எடுத்துவிட்டுப் போனார். ஓவனின் தனித்தன்மை இங்கேதான் எனக்குத் தென்படுகிறது. தேர்வாளர்கள் அவருக்கு வெளிப்புறத்தில் நிற்கும் ஜோடியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். டிக் ஜோன்ஸ், நியூபோர்ட்டின் லூவெலின் லாய்ட், விண்டம் ஜோன்ஸ், கார்டிஃபின் பெர்சி புஷ், பிறகு பில்லி ட்ரூ என்று பலரும் வந்து போனார்கள். ஸ்க்ரம்முக்குப் பக்கத்தில் நின்றவர் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை.

இவர்களில் பெர்சி புஷ்ஷோடு ஓவனின் கூட்டு எளிதாக இருக்கவில்லை. புஷ் 1904இல் பிரிட்டிஷ் அணியோடு ஆஸ்திரேலியா சென்று அங்குள்ள கூட்டத்தை மயக்கிவிட்டு வந்தவர்; வளைந்து நெளிந்து தனியே ஓடுவதில் மன்னர்; அடுத்து என்ன செய்வார் என்று அவருடைய அணியினருக்கே தெரியாது. ஓவனோ எல்லாவற்றையும் முன்பே கணக்கிட்டு வைக்கும் மனிதர். இரு வேறு இயல்புகளும் ஒரே கயிற்றை இரண்டு பக்கம் இழுத்த நாட்கள் உண்டு. ஆனால் நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில், புஷ்ஷின் இந்தப் புகழையே ஓவன் ஓர் ஆயுதமாக எடுத்துக்கொண்டார்.

நியூசிலாந்தின் அமைப்பு பிரிட்டிஷ் அணிகளைக் குழப்பிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஸ்க்ரம்மில் எட்டுப் பேரை வைத்தபோது அவர்கள் ஏழு பேரையே வைத்தார்கள். முன்வரிசையில் இருவர், நடுவில் மூவர், பின்னால் இருவர். மிச்சப்பட்ட எட்டாமவர் அணித் தலைவர் டேவ் கலஹர். அவர் ஸ்க்ரம்முக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போடுவார்; பந்து பின்னால் வந்ததும் தன் ஹாஃப் பேக்குக்கும் எதிரணியின் ஸ்க்ரம் ஹாஃபுக்கும் நடுவில் மதில் போல நின்றுகொள்வார். பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதை ஏமாற்று வேலை என்றே திட்டின. திட்டியதால் யாரும் ஜெயிக்கவில்லை. வேல்ஸ் மட்டும் உட்கார்ந்து யோசித்தது. தானும் ஏழு ஃபார்வர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, பான்டிபூல் அணியின் கிளிஃப் ப்ரிச்சர்டை எட்டாவது பேக்காக, அதாவது ஸ்க்ரம்முக்குப் பின்னால் நிற்கும் ஓட்டக்காரராக, வெளியே நிறுத்தியது. நியூசிலாந்தின் முன்வரிசை இருவரும் குனிந்து நிலைகொண்ட பிறகே தம் முன்வரிசையை அமைத்து, பந்து நுழையும் பக்கத்தின் தோளைத் தாங்கள் பிடித்துக்கொள்வது என்று வேல்ஸ் ஃபார்வர்டுகள் பழகினார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இளம் நடுவர் ஜான் டாலஸும் கலஹர் பந்தைப் போடும் விதத்துக்காக அவரைத் திரும்பத் திரும்பத் தண்டித்தார். அன்று ஸ்க்ரம்மில் நியூசிலாந்துக்குக் கிடைத்த பந்து மிகக் குறைவு. அவர்களுடைய ஓட்டக்காரர்கள் பசியோடு நின்றார்கள்.

ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து வீரர்கள் ஹாக்கா என்ற தம் போர் நடனத்தை ஆடி முடித்தபோது, பதிலாக டெடி மார்கன் வேல்ஸின் தேசிய கீதத்தைப் பாடத் தொடங்கினார். கூடியிருந்த ஏறத்தாழ 47,000 பேரும் சேர்ந்து பாடினார்கள். விளையாட்டு ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடும் வழக்கம் அங்கிருந்தே தொடங்கியதாகச் சொல்வார்கள்.

இனி அந்த ட்ரை. முதற்பாதியின் தொடக்கத்திலிருந்தே ஓவன் பந்து கிடைக்கும்போதெல்லாம் புஷ் நிற்கும் பக்கமாகவே ஆட்டத்தைக் கொண்டுபோனார். புஷ்ஷின் பெயர் நியூசிலாந்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவரைக் கண்காணிக்க ஆட்கள் குவிந்தார்கள். பிறகு நியூசிலாந்தின் பாதியில், மைதானத்தின் இடப்பக்கத்தில் போதிய இடம் விட்டு ஒரு ஸ்க்ரம் அமைந்தது. வேல்ஸுக்குப் பந்து கிடைத்தது. ஓவன் அதை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் ஓடினார். அந்தப் பக்கத்தில் புஷ், அவருக்கு அப்பால் தலைவர் க்வின் நிக்கல்ஸ், அதற்கும் அப்பால் ஓரத்தில் ஓடும் விங்கர் வில்லி லூவெலின் என்று மூவர் வரிசையாகத் தயாராக நின்றார்கள். அது முழுவதும் நாடகம். நியூசிலாந்தின் தடுப்பு மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்த நொடியில், ஓவன் ஓட்டத்தை நிறுத்தி, உடம்பைத் திருப்பி, வந்த வழிக்கு எதிர்த்திசையில் நீளமான பாஸ் ஒன்றை எறிந்தார். பந்து தாழ்வாகத்தான் போனது. ப்ரிச்சர்ட் அதைக் கால்விரல்களுக்கு அருகே அள்ளி எடுத்து ஓடி, தடுக்க வந்தவரைத் தன்பால் இழுத்துக்கொண்டு ரீஸ் கேபிடம் கொடுத்தார். கேப் மார்கனிடம் கொடுத்தார். மார்கன் ஃபுல்பேக் ஜார்ஜ் கில்லெட்டை முந்திக்கொண்டு இடது மூலையில் பந்தை ஊன்றினார். கூடுதல் புள்ளிக்காகப் பெர்ட் வின்ஃபீல்ட் உதைத்த பந்து கம்பங்களுக்கு இடையே போகவில்லை. 3-0, அதற்கு மேல் அன்று யாருக்கும் புள்ளி கிடைக்கவில்லை.

இந்த வரிசையில் நான்கு பேர் பந்தைத் தொட்டார்கள் என்றாலும், மற்ற மூவரும் செய்ய வேண்டியிருந்தது நேராக ஓடி, கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுப்பது மட்டுமே. மார்கன் மட்டும் இறுதியில் வேகத்தையும் காட்ட வேண்டியிருந்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதிரணியின் பதினைந்து பேரும் எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்கியது முதல் தீர்மானித்துக்கொண்டு வந்தவர் ஓவன். சர்வதேச ஆட்டத்துக்கு முன் அணி கூடிப் பயிற்சி செய்வதே அரிதாக இருந்த காலத்தில், வேல்ஸ் அந்த ஆட்டத்துக்காகக் கூடி இந்த நகர்வை ஒத்திகை பார்த்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அணியில் மார்கன் மருத்துவம் படித்தவர், கேபும் புஷ்ஷும் ஆசிரியர்கள், லூவெலின் மருந்துக்கடைக்காரர், நிக்கல்ஸ் கார்டிஃபில் சலவைத் தொழில் நடத்தியவர். இவர்கள் எல்லோரும் லாண்டோரின் எஃகுத் தொழிலாளி வகுத்துக் கொடுத்த திட்டப்படி ஓடினார்கள். அன்றைய இங்கிலாந்து அணியில் இப்படி ஒரு காட்சியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. லூவெலினைப் பற்றி ஒரு கதை உண்டு: 1910இல் டோனிபாண்டியில் சுரங்கத் தொழிலாளர் கலவரம் மூண்டு கடைவீதி உடைக்கப்பட்டபோது, அவருடைய மருந்துக்கடையை மட்டும் கூட்டம் தொடாமல் விட்டதாம்.

டீன்ஸ் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். இரண்டாம் பாதியில் பில்லி வாலஸ் ஓடி வந்து கொடுத்த பந்தோடு டீன்ஸ் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். கோட்டைத் தாண்டிவிட்டேன், பின்னால் இழுத்துப் போட்டார்கள் என்று அவர் மறுநாள் பத்திரிகைக்குத் தந்தி அனுப்பினார். அவரைப் பிடித்த கேபோ, பிடியிலிருந்தபடியே அவர் முன்னால் நகர முயன்றதை உணர்ந்தேன், கோட்டைத் தாண்டியிருந்தால் எதற்காக நகர வேண்டும் என்று கேட்டார். கேப் சொல்வதில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் நான் வேல்ஸ் பக்கம் சாய்ந்தவன் என்பதையும் வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரங்கள் கழித்து, டிசம்பர் 30 அன்று, நியூசிலாந்து ஸ்வான்சிக்கு வந்து கிளப் அணியோடு மோதியது. முந்தைய பருவம் முழுவதும் தோற்காத அணி அந்த ஸ்வான்சி. ஃப்ரெட் ஸ்க்ரைன் எடுத்த ட்ரை மூன்று புள்ளி. பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது எழும்பும்போது கம்பங்களுக்கு இடையே உதைப்பது ட்ராப் கோல்; வாலஸ் உதைத்த அதற்கு அன்றைய கணக்கில் நான்கு. 4-3 என்று நியூசிலாந்து தப்பியது. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா முதன்முதலாகப் பயணம் வந்தபோது, 1906 டிசம்பர் 1 அன்று அதே செயின்ட் ஹெலன்ஸில் வேல்ஸ் 11-0 என்று தோற்றது. முந்தைய ஆண்டின் பெருமையில் மிதந்த அணிக்கு அது பலத்த அடி. க்வின் நிக்கல்ஸ் நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான். அவருக்குப் பிறகு தலைமை பலர் கைக்கு மாறியது. ஓவனுக்கும் ஒரு சில முறை கிடைத்தது. ஆட்டத்தை உள்ளிருந்து நடத்தியவர் நெடுங்காலமாக அவரே என்பதை நினைக்கும்போது, அந்தப் பொறுப்பு இன்னும் முன்பே, இன்னும் கூடுதலாக அவருக்கு வந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

முப்பது வயதைக் கடந்த பிறகான ஓவனைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பகுதிதான் சுவையானது. தன் கிளப்பின் பில்லி ட்ரூவோடு சேர்ந்தபோது அவருக்குக் கடைசியில் தன்னைப் போலவே யோசிக்கும் ஜோடி அமைந்தது. ட்ரூவும் உடல் மெலிந்தவர், கொதிகலன் செய்யும் தொழிலாளி, சத்தமில்லாமல் ஆட்டத்தைப் படிப்பவர். வாரந்தோறும் ஸ்வான்சிக்காகச் சேர்ந்து ஆடிய பழக்கம் நாட்டு அணியிலும் பலன் தந்தது. 1911இல் எடின்பரோவின் இன்வர்லீத் மைதானத்தில் ஸ்காட்லாந்தை வேல்ஸ் 32-10 என்று வென்றது. மார்ச்சில் கார்டிஃபில் அயர்லாந்தை 16-0 என்று வென்று, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளையும் ஒரே பருவத்தில் தோற்கடித்தது. வேல்ஸுக்கு அந்தப் பெருமை மறுபடி கிடைக்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1912 ஜனவரியில் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்திடம் வேல்ஸ் 8-0 என்று தோற்றது. அந்த ஆட்டத்தோடு ஓவன் பான்க்ராஃப்டின் 33ஐக் கடந்தார். பிப்ரவரி 3 அன்று ஸ்வான்சியில் ஸ்காட்லாந்தை 21-6 என்று வென்ற ஆட்டம் அவருடைய 35ஆவது, கடைசி ஆட்டம். தொடங்கிய மைதானத்திலேயே முடித்துக்கொண்டார். அப்போது வயது 35.

காசு வாங்காத ஆட்டம் அது. பல்லாயிரம் பேர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்த ஆட்டங்களிலிருந்து வேல்ஸ் ரக்பி யூனியனுக்கு வருமானம் வந்தது. ஆடியவருக்குக் கிடைத்தது நாட்டுக்காக ஆடியதன் அடையாளமான தொப்பியும் ஊர் மக்களின் மரியாதையும்தான். அந்த மரியாதையை வருமானமாக மாற்ற ஆட்ட விதிகளுக்கு உட்பட்டு இருந்த சில வழிகளில் ஒன்று மதுக்கடை நடத்துவது. பழைய வீரரின் முகத்தைப் பார்க்கவே வாடிக்கையாளர் வருவார்கள். ஓவனும் ஆலையை விட்டுவிட்டு அந்தத் தொழிலுக்கு வந்தார். 1932 பிப்ரவரியில், 55 வயதில், ஸ்வான்சியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதன் காரணங்களைப் பற்றி ஊகிக்க எனக்கு உரிமையில்லை.

அவருடைய 35 என்ற எண்ணை இன்றைய வீரர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது சரியாகாது. 1908இல் பிரான்ஸோடு ஆடத் தொடங்கும்வரை ஆண்டுக்கு மூன்று ஆட்டங்கள், தொடங்கிய பிறகு நான்கு, எப்போதாவது தென்கோளத்திலிருந்து வரும் அணியோடு கூடுதலாக ஒன்று, அவ்வளவுதான் வாய்ப்பு. அந்தக் கணக்கில் பார்த்தால், தேர்வாளர்கள் அவரை ஒதுக்கியதும் காயத்தால் அவர் விலகியதும் மிகச் சில தடவைகளே இருந்திருக்க முடியும். வேல்ஸின் மொத்தச் சாதனையாக அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இரண்டு உலகப் போர்கள் குறுக்கே வந்த பிறகு, 1950களின் நடுவில் விங்கர் கென் ஜோன்ஸ் அதைக் கடந்தார். ஸ்க்ரம் ஹாஃப்களில் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் அந்த எண் இன்னும் நெடுங்காலம் நிலைத்தது. 1935இல் பள்ளி மாணவராகவே ஸ்வான்சிக்கு ஆடி நியூசிலாந்தைத் தோற்கடித்த ஹேடன் டானர்கூட, நடுவில் போர் வந்து விழுங்கிய ஆண்டுகளால் 25 ஆட்டங்களோடு நிற்க வேண்டியதாயிற்று. ஓவனுக்கு மேல் ஆடிய அடுத்த வேல்ஸ் ஸ்க்ரம் ஹாஃப் கேரத் எட்வர்ட்ஸ். அது நடந்தபோது 1970கள் வந்துவிட்டிருந்தன.